லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு கியர் ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய்க்கு வேலை அதிகம். டார்க் கன்வர்ட்டருக்குள் சுழன்று இன்ஜினின் விசையைக் கடத்துவதும், வால்வுகள் வழியே அழுத்தத்தோடு பாய்ந்து கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிப்பதும், பல்சக்கரங்களைத் தேயாமல் காப்பதும், சூட்டைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும் அதே எண்ணெய்தான். இவற்றில் நுட்பமானது கிளட்ச் வேலை. தகடுகள் சேரும்போது உதறாமல் வழுக்கிச் சேர வேண்டும். சேர்ந்தபின் துளியும் வழுக்கக் கூடாது. இந்த இரட்டைக் குணத்தைத் தருபவை எண்ணெயில் சிறிதளவே கலந்திருக்கும் உராய்வுச் சேர்மங்கள். 1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டெக்ஸ்ரான் எண்ணெயில் இதற்காகத் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெயைத் தடை செய்தபின், ஈடான மாற்றுக்கு வேதியியலாளர்கள் திண்டாட வேண்டியிருந்தது.

இந்தச் சேர்மங்களுக்கு எதிரி சூடு. கியர்பாக்ஸ் எண்ணெய் வழக்கமாக 80, 90 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆக்சிஜனேற்றம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கொங்கு நாட்டில் இந்தச் சூட்டுக்குப் பஞ்சமில்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 50 கி.மீ. சொச்ச தூரத்தில் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற வேண்டும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விடுபட்டு, எண்ணெய் கடையப்பட்டுச் சூடேறுகிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுவதும், சித்திரை வெயிலில் அவிநாசி சாலை நெரிசலில் ஊர்வதும் வேறு வேறு வழியில் இதையே செய்கின்றன. கார் வலுவானதாக இருந்தால், கியர் மாறும் அந்த நொடியில் தகடுகள் தாங்கும் சூடும் அதிகம்.

இருந்தும் பல கார் நிறுவனங்கள் இதை ‘லைஃப் டைம்’ எண்ணெய் என்கின்றன. பல பி.எம்.டபிள்யூ. கார்களின் 8 ஸ்பீடு கியர்பாக்ஸைத் தயாரிப்பது ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம். கோவையில் காற்றாலை கியர்பாக்ஸ் ஆலை நடத்துவதும் அதன் குழுமமே. அந்த நிறுவனமே தன் கியர்பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 ஆண்டுகளில் எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர் சொல்வதையே நம்ப வேண்டும். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற கார்களில் வந்த, எண்ணெயில் நனையும் இரட்டைக் கிளட்ச் கொண்ட 6 ஸ்பீடு டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸுக்குக் கெடு இன்னும் குறைவு: 60,000 கி.மீ.

ஒரு லட்சம் தாண்டிய வண்டியில் எண்ணெய் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற பயம் பட்டறைகளில் பரவலாக உண்டு. அது முழுப் பொய்யல்ல. கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கும் நிலையில்தான் பலர் எண்ணெய் மாற்ற வருகிறார்கள். அந்தத் தேய்மானத்தை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. பிறகு பழி புது எண்ணெய் மேல் விழுகிறது. உண்மையான ஆபத்து, இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவுவதில் இருக்கிறது. அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வ் பாடியின் மெல்லிய துவாரங்களில் அடைத்துக்கொள்ளலாம். வரலாறு தெரியாத பழைய வண்டிக்கு, தானாக வடியும் அளவை மட்டும் வடித்து நிரப்புவதே பாதுகாப்பு. இப்படி வடித்தால் பாதி எண்ணெய் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 9 லிட்டரில் 5 லிட்டர் வடிந்தால், முதல் முறைக்குப் பின் பழைய எண்ணெய் 44 சதவீதம் மிச்சம்; சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் 20, மூன்றாம் முறையில் 9.

வேலையில் முதல் விதி, நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்ப்பது. வடித்தபின் அது கழல மறுத்தால் வண்டி லிஃப்டிலேயே நிற்கும். அடுத்து ஆயில் பேன். இசட்.எஃப். 8 ஸ்பீடில் அது பிளாஸ்டிக். ஃபில்டர் அதனுள்ளேயே இருப்பதால் பேனையே மாற்ற வேண்டும். அதன் அடியில் உள்ள காந்தங்களை விரலால் வழித்துப் பார்ப்பது ஸ்கேனரைவிட அதிகம் சொல்லும். மை போன்ற கருஞ்சாம்பல் பசை இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லுகள் தட்டுப்பட்டாலோ, எண்ணெயில் கருகிய வாடை வீசினாலோ, புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன் உரிமையாளரிடம் பேசிவிடுவது நேர்மை.

எண்ணெய் சூட்டில் விரிவதால், அளவு பார்க்கவும் ஒரு சூடு உண்டு. வண்டி மட்டமாக நின்று, இன்ஜின் ஓடி, எல்லா கியர்களும் ஒருமுறை மாற்றப்பட்டு, எண்ணெய் (இசட்.எஃப். 8 ஸ்பீடில்) 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துவாரத்தில் லேசாக வழிய வேண்டும். டி.எஸ்.ஜி.க்கு அது 35 முதல் 45 டிகிரி. கோடைப் பகலில் ஓட்டி வந்த வண்டி அந்த அளவைத் தாண்டியே வந்து நிற்கும். ஆறவிட்டு விடியற்காலையில் பார்ப்பது நல்லது. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் நுரைக்கும். இரண்டிலும் அழுத்தம் விழுந்து கிளட்ச் வழுக்கும். பிறகு ஸ்கேனரில் பழைய அடாப்டேஷன் பதிவை அழித்து, கியர்பாக்ஸ் புதிதாகக் கற்றுக்கொள்ளும்வரை நிதானமாக ஓட்ட வேண்டும்.

வடித்த எண்ணெய் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அது சாக்கடை வழி நொய்யல் ஆற்றுக்குப் போகாமல், பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர வேண்டும்.