முத்ரான்

முத்ரான் என்பது அரபு மொழி பேசும் கிறித்தவர்களிடையே ஆயர் நிலையிலுள்ள சமயத் தலைவரைக் குறிக்கும் பட்டம் ஆகும். லெபனான் முதலிய நாடுகளில் இது குடும்பப் பெயராகவும் உள்ளது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் ஆயரைக் குறிக்க வழங்கும் மேற்றிராணியார் என்னும் சொல் இதற்கு உறவுடையதாகும்.

சொற்பிறப்பு

கிரேக்கத்தில் மேத்தர் என்பது தாயையும் பொலிஸ் என்பது நகரத்தையும் குறிக்கும். தாய்நகராகிய மாகாணத் தலைநகரில் இருந்து பிற ஆயர்களை மேற்பார்வை செய்தவர் மெத்ரோபொலித்தேஸ் எனப்பட்டார். இச்சொல் சுருங்கி அரபியில் முத்ரான் என்றும், சுரியானித் திருச்சபை மரபுடைய கேரளத்தில் மெத்ரான் என்றும் வழங்கலாயிற்று. இதன் தமிழ் வடிவம் மேற்றிராணியார். ஆயரின் ஆட்சிப்பகுதி மேற்றிராசனம். தமிழ்ப் புணர்ச்சி போலத் தோன்றினும், திராணி, ராணி ஆகிய சொற்களுடன் இதற்குத் தொடர்பில்லை.

குடும்பப் பெயராக

இப்பெயர் கொண்டவர்களுள் புகழ்பெற்றவர் பால்பெக் நகரில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த அரபுக் கவிஞர் கலீல் முத்ரான் (1872–1949). குரு எனப் பொருள்படும் கூரி, திருத்தொண்டர் எனப் பொருள்படும் ஷம்மாஸ் ஆகியனவும் குடும்பப் பெயர்களாக உள்ளன. 1943 முதல் 1952 வரை லெபனான் குடியரசுத் தலைவராக இருந்தவர் பெஷாரா அல் கூரி. கீழைத் திருச்சபைகளில் மணமானவர் குருவாகலாம். ஆயர்கள் பொதுவாக மணமாகாதவர்கள். எனவே கூரி என்பது குருவின் மக்கள்வழிப் பெயராக அமையலாம். முத்ரான் என்பது ஆயரின் உறவினர்வழியே நிலைபெறக்கூடியது. தமிழில் மேற்றிராணியார் என்பது பதவிப் பெயராகவே நின்றுவிட்டது.

கோயம்புத்தூரில்

கோயம்புத்தூர் 1850 ஆம் ஆண்டில் திருத்தந்தையின் பதிலாளரது ஆட்சிப்பகுதியாக நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் பிரான்சு நாட்டு ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். இவர் 1856 இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தோற்றுவித்தார். 1886 இல் இப்பகுதி முழு மேற்றிராசனமாக உயர்த்தப்பட்டது. இதன் தலைமைக் கோவில் புனித மிக்கேல் பேராலயம் ஆகும்.

2010 இல் சீரோ-மலபார் திருச்சபைக்கு இராமநாதபுரம் மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. இது கோவை நகரின் ஒரு பகுதியாகிய இராமநாதபுரத்தைக் குறிக்கும். அதே பெயருடைய மாவட்டத்தை அன்று. இதனால் சுரியானி மரபின் மெத்ரானும் இலத்தீன் மரபின் மேற்றிராணியாரும் ஒரே நகரில் உள்ளனர்.

பொருள் வேறுபாடு

கோவை மறைமாவட்டம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் கீழ் அமைந்தது. ஆகவே கோவை மேற்றிராணியார் சொல்லின் மூலப்பொருளில் தாய்நகர் ஆயர் அல்லர். தற்காலத்தில் ஆயர், மறைமாவட்டம் என்னும் சொற்களே கத்தோலிக்கரிடம் பெரிதும் வழங்குகின்றன. அவர்கள் பேராயர் என்பது உயர்மறைமாவட்டத் தலைவரை. 1950 இல் கோவையில் திருமண்டலம் அமைத்த தென்னிந்தியத் திருச்சபையிலோ ஒவ்வொரு திருமண்டலத் தலைவரும் பேராயரே. ஆகையால் பழைய ஆவணங்களைப் படிப்போர் பட்டத்துடன் திருச்சபையின் பெயரையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.