கெர்னல் மறுத்தது எதை?

1972-இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை வந்ததிலிருந்து பினாங்குக்காரர்களுக்குக் கணினி என்றால் சில்லும் பலகையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏதாவது ஓடவில்லையென்றால், தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று எண்ணுவதும் அதனால் இயல்பே. லினக்ஸ் கணினியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்த கையோடு ஒரு டெர்மினல் நிரல் முரண்டுபிடிக்கும்போது இந்த எண்ணம் ஆளைத் தவறான பக்கம் இழுத்துவிடும். அங்கே பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. கெர்னல் எதையோ தர மறுத்திருக்கும். அது எதை மறுத்தது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

எச்எஸ்டிஆர் என்றொரு நிரல். முன்பு கொடுத்த கட்டளைகளைப் பட்டியலிட்டு, நாம் தேர்ந்தெடுப்பதை நாமே தட்டச்சு செய்ததுபோல் கொண்டுவந்து நிறுத்தும். 2023 பிப்ரவரியில் கெர்னல் 6.2 வெளிவந்த பிறகு, சில கணினிகளில் பட்டியல் வந்தது, கட்டளை வரவில்லை. கெர்னல் திருப்பித் தந்த பதில் 'உள்ளீடு வெளியீட்டுப் பிழை'. சாகக் கிடக்கும் வன்தட்டுக்கும் இதே பிழைதான் வரும் என்பதால், வட்டைச் சோதிப்பதிலும் நிரலை மறுபடி நிறுவுவதிலும் பொழுது போய்விடும். அதைவிட, கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஏற்றிப் பார்க்கலாம். அதில் ஓடினால் வன்தட்டும் நிரலும் குற்றமற்றவை. பிறகு புதிய கெர்னலில் எஸ்ட்ரேஸ் கருவியின் கீழ் நிரலை இயக்கினால், அது கெர்னலிடம் கேட்டதும் கெர்னல் சொன்ன பதிலும் வரிவரியாக வரும். இங்கே மறுக்கப்பட்டது டிஐஓசிஎஸ்டிஐ என்ற அழைப்பு. டெர்மினலின் உள்ளீட்டில் எழுத்துகளைத் திணிப்பது அதன் வேலை. அதிகாரம் குறைந்த நிரல் ஒன்று, தன்னை இயக்கிய நிர்வாகியின் டெர்மினலில் கட்டளையைத் திணித்து அவர் அதிகாரத்திலேயே ஓட்டிவிட இது வழிவிட்டது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இதை 2017-இலேயே நீக்கிவிட்டது. லினக்ஸோ மூடுவதா வேண்டாமா என்பதை லினக்ஸ் வழங்கல்களைத் (டிஸ்ட்ரோ) தயாரிப்பவர்களிடம் விட்டது. அதனால் ஒரே எண்ணுள்ள கெர்னல் ஒரு மேசையில் இணங்கும், அடுத்த மேசையில் மறுக்கும்.

பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதியாயிற்றே, அப்படியானால் தவறு கெர்னலுடையதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே மாற்றம் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் மென்பொருளையும் முடக்கியது; பார்வையற்றவர்களின் பிரெய்ல் விசைப்பலகைகள் லினக்ஸ் கன்சோலில் செயலிழந்தன. 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு வந்த, பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லத்தை அறிந்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது சரிசெய்யப்பட்ட விதத்தைப் பாருங்கள். எந்த அழைப்பு மறுக்கப்பட்டது, அதை யார் கேட்டார்கள் என்பது துல்லியமாகத் தெரிந்ததால், நிர்வாக அதிகாரமுள்ள நிரல்களுக்கு மட்டும் அதைத் திறந்துவிடும் திருத்தத்தை அதே 2023-இல் சாமுவேல் திபோ என்ற நிரலாளர் எழுதினார். பாதுகாப்பு ஓட்டை மறுபடி திறக்கவில்லை. 'அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை' என்ற புலம்பலை மட்டும் வைத்துக்கொண்டு இப்படியொரு திருத்தத்தை எழுதியிருக்க முடியாது.

பழைய கெர்னலிலேயே இருந்துவிடலாமே என்பார்கள். சோதனைக்குச் சரி, குடியிருக்க அல்ல, பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வருவது நின்றுவிடும். அழைப்பை மீண்டும் அனுமதிக்கும் அமைப்பும் கெர்னலில் இருக்கிறது. அதன் மதிப்பை 1 ஆக்கினால் நிரல் ஓடும், கூடவே ஓட்டையும் திரும்பும். எச்எஸ்டிஆரின் பிந்தைய பதிப்புகள் இந்த அழைப்பை நாடாமல் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் வழியாகவே கட்டளையைக் கொண்டுவருகின்றன. பதிப்பைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. ஷெல்லின் அமைப்புக் கோப்பில் கிடக்கும் பழைய வரிகளை நீக்கிவிட்டு, நிரலே உருவாக்கித் தரும் புதிய வரிகளைப் போட வேண்டும்.