வீட்டு மாடம் அருங்காட்சியகம் ஏறிய கதை

மலருக்கு வழக்கமாகக் கோயில், கல்வெட்டு என்றுதான் எழுதிக் கொடுப்பேன். இம்முறை கொஞ்சம் தூரதேசம் போகிறேன். வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

2023 மே மாதம் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தேன். "அப்பா, பெர்க்லியில ஒரு கண்காட்சி நடக்குது. உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்றாள். நவீனக் கலை என்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் பெர்க்லி கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் எதிரே நின்றது ஒரு முகம் பார்க்கும் மேசை. அதன்மேல் சின்னச் சின்னச் சாமான்கள், படங்கள். நிலைக்கண்ணாடியை உற்றுப் பார்த்தால், அதற்குள்ளிருந்து அஸ்டெக் தாய்த்தெய்வமான கோட்லிக்யூவின் உருவம் தெரிகிறது! இது யாரோ ஒரு பாட்டியின் அறை மாதிரியல்லவா இருக்கிறது என்று திகைத்துப் போனேன்.

செய்தவர் அமாலியா மேசா-பெயின்ஸ். 1943-இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். 1992-இல் மெக்கார்தர் நல்கை பெற்றவர். அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டி, 'நினைவின் தொல்லியல்' என்ற பொருள் தரும் தலைப்பில் வைத்திருந்தார்கள். இப்படி ஒரு முழுமையான கண்காட்சி அவருக்கு அமைந்தது அப்போதுதான், எண்பதை நெருங்கும் வயதில்!

இவரைச் 'சிக்கானா' கலைஞர் என்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினர், 1960-களின் உரிமைப் போராட்டக் காலத்தில் தமக்குப் பெருமையோடு சூட்டிக்கொண்ட பெயர் சிக்கானோ, பெண்பால் சிக்கானா. இவர்களில் எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். போரில் தோற்ற மெக்சிகோ, 1848 ஒப்பந்தப்படி கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. இருந்த இடத்திலேயே இருந்தவர்களுக்கு நாடு மாறிப்போயிற்று. அவர்கள் கதைக்குப் பாடப்புத்தகத்தில் இடம் குறைவு. அது தங்கியிருந்தது பெண்கள் பேணிய வீட்டு மாடங்களில்.

நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் வீடு திரும்புவதாக மெக்சிகோ மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அவர்களுக்காக வைக்கும் படையலுக்கு 'ஒஃப்ரெண்டா' என்று பெயர். இறந்தவரின் படம், மெழுகுவத்தி, ஒரு குவளைத் தண்ணீர், உப்பு, ரொட்டி, அவருக்குப் பிடித்த பண்டம், இவற்றோடு வழிகாட்டக் கொத்துக் கொத்தாகச் செண்டுமல்லி. (நாம் இங்கே மாலை கட்டும் செண்டுமல்லியின் தாயகமும் மெக்சிகோதான், கடல் கடந்து நம்மிடம் வந்த பூ அது.) படையல் வைக்கும் முறையை யோலாண்டா கார்ஃபியாஸ் வூ என்ற மூத்த கலைஞரிடம் மேசா-பெயின்ஸ் பயின்றார்.

பிறகு அவர் செய்ததுதான் புதுமை. 1984-இல் அவர் அமைத்த புகழ்பெற்ற படையல் புனிதர் எவருக்கும் அல்ல. ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்து, பின் தாயகம் திரும்பி நடித்த மெக்சிகோ நடிகை டோலோரஸ் டெல் ரியோவுக்கு! அவர் மறைந்தது 1983-இல். துணி, கண்ணாடி, சட்டமிட்ட புகைப்படங்கள், உலர்ந்த பூ, ஜிகினா என்று எல்லாம் நம் வீட்டு அலமாரியில் கிடப்பவைதான். அதையே 1991-இல் திருத்தி அமைத்தார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சொத்து.

இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றி, அதிலும் ஓர் அழகு காட்டும் ஏழை எளியவர் மனப்பாங்கை 'ரஸ்குவாச்சிஸ்மோ' என்பார்கள். அதில் பெண்களின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட மேசா-பெயின்ஸ் உண்டாக்கிய சொல் 'டொமெஸ்டிகானா'. அடுக்களையும் படுக்கையறையும் பெண்ணை அடைத்துவைத்த இடங்கள். அவளே தன் கையால் அழகு செய்த இடங்களும் அவையே. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1993-இல் தொடங்கிய 'வீனஸ் என்வி' என்ற நான்கு அத்தியாயப் படைப்பில் இது விரிகிறது. முகம் பார்க்கும் மேசை முதல் அத்தியாயம். இரண்டாவதில், 17-ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் கன்னியாஸ்திரியும் பெரும்புலவருமான சோர் ஹுவானாவின் நூலறை. கடைசிக் காலத்தில் நூல்களைக் கைவிட நேர்ந்த அந்த அம்மைக்கு இவர் மறுபடியும் ஒரு மேசை போட்டுக் கொடுக்கிறார். மூன்றாவது, பிரசவத்தில் இறந்த பெண்கள் சேர்வதாக அஸ்டெக் மக்கள் நம்பிய உலகம். நான்காவது, மூலிகை வைத்தியம் செய்யும் பெண்ணின் மருந்துக்கடை.

அந்த மூலிகைகளின் முன்னால் நிற்கும்போதுதான் மகள் கேட்டாள்: "பாட்டியோட அஞ்சறைப்பெட்டி இப்ப யார்கிட்டப்பா இருக்கு?"

என்ன சொல்வேன்? 2011-இல் லேக் மார்க்கெட் பக்கம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது, அம்மாவின் பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். அஞ்சறைப்பெட்டியும் அதோடு போயிற்று. புது ஃபிளாட்டில் இடமில்லை என்பது உண்மை. அது ஒரு பொருட்டாகவே எனக்குத் தோன்றவில்லை என்பது அதைவிட உண்மை. கல்வெட்டு என்றால் கைகூப்புவேன். அம்மா கைபட்ட பெட்டிக்குக் கிலோ என்ன விலை என்று கேட்டேன். அவளிடம் உள்ளதைச் சொன்னேன். "போகட்டும்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

ஊர் திரும்பியும் அந்தக் கேள்வி விடவில்லை. ஒன்று மட்டும் விளங்கிற்று. ஒஃப்ரெண்டா பத்திரமாகப் பூட்டி வைக்கும் பெட்டகம் அல்ல. ஆண்டுதோறும் கலைத்து, மறுபடி கையால் அடுக்குவது. பழைய பொருள் தொலைந்தாலும், அடுக்குகிற கையும் சொல்கிற வாயும் இருந்தால் நினைவு நிற்கும். அம்மாவின் திதியன்று அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும், கணக்கெழுதிய இரண்டு நோட்டுகளையும் இப்போது படத்தருகே வைக்கிறேன். மிச்சம் இருப்பவை அவைதான். எந்த மளிகைக்கு என்ன விலை கொடுத்தார் என்று மகளுக்கு ஃபோனில் படித்துக் காட்டுகிறேன்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது, பரணிலிருந்து இறக்கும் சாமானைப் பிள்ளைகள் கையில் ஒருமுறை கொடுத்து, அதன் பெயரையும் அது யாருடையது என்பதையும் சொல்லிவிட்டு, பிறகு எடைக்குப் போடுங்கள். ஒருவேளை போட மனசு வராது.