உஷார்! தூக்க மாத்திரையைக் குறைத்து வருகிறவர்களுக்கு விடியற்காலையில் ஒரு ஆபத்து!

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த கையோடு வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். யாராவது பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

திடீரென்று நிறுத்துவதுதான் இதில் முதல் ஆபத்து!

இரண்டாவது ஆபத்து பலருக்குத் தெரிவதே இல்லை. டாக்டர் சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்காகக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் அது வரும். விடியற்காலை நாலு, நாலரைக்கு வரும். கண் விழிக்கும்போதே நெஞ்சு படபடக்கும். வயிற்றைப் பிசையும். ஏன்தான் விடிந்ததோ என்றிருக்கும். பெரிதாக எந்தக் காரணமும் இருக்காது. ஆனால் எல்லாமே முடிந்துபோன மாதிரி ஒரு பாரம் வந்து உட்காரும். பத்து, பதினோரு மணிக்கு மேல் அது மெல்ல இறங்கும். சாயங்காலம் பார்த்தால் அதே ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

அவரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார். வீட்டில் இருப்பவர்களும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தத் தப்பினால் உயிரே போகலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் போன துக்கத்தில் அவருக்குத் தூக்கம் போனது. கிளினிக்கில் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, "ஒரு பதினைஞ்சு நாளைக்குப் போடுங்கம்மா" என்றார்கள். அந்தப் பதினைந்து நாள் பல வருஷமாக நீண்டது. மறுபடி டாக்டரிடம் போகவே இல்லை. காலி அட்டையை மெடிக்கலில் நீட்டினால் போதும், புது அட்டை வந்துவிடும். ராத்திரிக்கு ஒன்று என்று ஆரம்பித்தது ராத்திரி இரண்டானது. பிறகு மத்தியானம் ஒன்று. பிறகு எழுந்தவுடன் ஒன்று.

சட்டப்படி இப்படி நடக்கவே கூடாது. அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், ஜோல்பிடெம் எல்லாம் ஹெச்1 பட்டியல் மருந்துகள். 2014 மார்ச் முதல் அந்த விதி அமலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். உங்கள் வீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். தெரிந்த கடைக்காரர் என்று உரிமையோடு கேட்டு வாங்குகிறோமே, அது உதவியே இல்லை!

ஒரு நாள் மகன் ஏதோ வீடியோ பார்த்தார். இந்த மாத்திரையால் ஞாபக மறதி வரும் என்று அதில் சொன்னார்களாம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், பாவம். இருந்த அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டார். இரண்டு ராத்திரி அந்த அம்மா பொட்டுத் தூக்கம் இல்லாமல் நடந்துகொண்டே இருந்தார். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. மூன்றாம் நாள் காலை அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தார். நல்லவேளை, அடுப்பு அணைந்திருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? மூளையைச் சாந்தப்படுத்த காபா என்று ஒரு ரசாயனம் இயற்கையாகவே இருக்கிறது. வண்டிக்கு பிரேக் மாதிரி. மாத்திரை அந்த பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தால், மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திவிடும். அந்த நிலையில் மாத்திரையைப் பிடுங்கினால் வண்டியை நிறுத்த எதுவும் இல்லை. நடுக்கம், வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அதனால்தான். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அல்பிரசோலம், டயசிபாம் வகை மாத்திரைகள் அத்தனைக்கும், பழக்க அடிமைத்தனமும் நிறுத்தும்போது வரும் கோளாறும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது.

சரி, அந்த அம்மா ஆஸ்பத்திரியில் பிழைத்தார். மனநல டாக்டர் டயசிபாமுக்கு மாற்றினார். அது உடம்பில் நீண்ட நேரம் தங்கும் மாத்திரை என்பதால் அளவு திடுக்கென்று இறங்காது. மாதக்கணக்கில் குறைக்கத் திட்டம் போட்டார். 'கண்டம் தப்பியது' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள்.

அசந்தது அங்கேதான்!

காலையில் அவர் எழுந்திருக்க மாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆறு மணிக்கு வைத்த காபி ஆடை கட்டி ஆறிக் கிடக்கும். தலையணை ஒரு பக்கம் நனைந்திருக்கும். சாயங்காலம் ஏழரைக்கு சீரியல் ஓடும்போது, "அந்தப் பொண்ணு நல்லா நடிக்குது இல்ல?" என்பார். மருமகளுக்கு எரிச்சல் வந்தது. "சமையல் நேரத்துல மட்டும் உடம்பு முடியல, சீரியல் நேரத்துல எல்லாம் சரியாயிடுது. அத்தை வேணும்னே பண்றாங்க." அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். காலையும் மாலையும் இத்தனை வித்தியாசம் இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். இப்போது நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

விழிக்கும் நேரத்தில் நம் எல்லோர் உடம்பிலும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். எழுந்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். உடம்பை எழுப்பி ஓடவிடுவதற்கான ஏற்பாடு அது. நமக்கு அது தெரிவதே இல்லை. மாத்திரையிலிருந்து மீண்டு வருகிறவரின் நரம்புகளோ ஏற்கெனவே புண்பட்டுக் கிடக்கின்றன. அவருக்கு அந்த ஏற்றம் பயமாக, துக்கமாக இறங்குகிறது. ராத்திரி முழுவதும் மாத்திரையின் அளவும் ரத்தத்தில் குறைந்துகொண்டே வந்திருக்கும். அல்பிரசோலம் மாதிரி சீக்கிரம் இறங்கும் மாத்திரை என்றால் விடியும்போது தட்டுப்பாடு நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு, இத்தனை வருஷம் அமுங்கிக் கிடந்த கனவுகள் விடியற்காலையில் திரும்பி வரும். செத்தவர்கள் வருவார்கள், துரத்தல் வரும், விழுவது போல வரும்.

அவர் சோம்பேறி இல்லை. நடிக்கவில்லை. பழைய வியாதி திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். காலையில் மோசம், மாலையில் பரவாயில்லை என்று மாறி மாறி வந்தால், அது நரம்பு ஆறிக்கொண்டிருக்கும் காலத்தின் வேதனையாக இருக்கலாம். ஒரு வாரம் நன்றாக இருந்து, அடுத்த வாரம் மறுபடி மோசமாகும். அதற்காகப் பயப்படாதீர்கள்.

ஆனால் அந்த வேளையில் எடுக்கும் முடிவுகளுக்குப் பயப்படுங்கள்!

அந்த அம்மாவிடம் பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, இவ்ளோ கஷ்டப்படணுமா? ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோங்க" என்று பழைய அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு யாருக்கும் தெரியாமல் ஒன்று போட்டார். அரை மணியில் அமைதி வந்தது. மறுநாளும் போட்டார். அந்த ஒன்று இறங்கும்போது மத்தியானமும் படபடப்பு வந்தது. ஒரு நாள் பாத்ரூம் வாசலில் தடுமாறி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. டாக்டர் போட்ட கணக்கு மொத்தமும் குழம்பியது. அவர் அளவைக் குறைக்கக் குறைக்க, இங்கே ரகசியமாக ஏறிக்கொண்டிருந்தது.

இதைவிட மோசம், ஒரு விடியற்காலையில் அவர் சொன்னது: "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

மருமகள் அன்றைக்கு அதைக் காதில் வாங்கினார். கோபப்படவில்லை. "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயையும் அடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். அந்த அம்மா தலையாட்டினார். அன்று முழுவதும் அவரைத் தனியே விடவில்லை. மாத்திரைகளைப் பூட்டி வைத்தார்கள். பத்து மணிக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கொண்டு குறைப்பதை டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார். மனச்சோர்வுக்கும் தனியாகச் சிகிச்சை ஆரம்பித்தார்.

செத்துப்போகத் தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து. தயவுசெய்து கேளுங்கள்.

இனி, அந்தக் காலை வேளையை எப்படிக் கடத்துவது? பெரிய வித்தை எதுவும் இல்லை. விழிப்பு வந்ததும் படுக்கையில் புரண்டுகொண்டு யோசிக்காதீர்கள். படுத்தபடி யோசிக்க யோசிக்க அந்த இருட்டு பெரிதாகும். எழுந்து காலைத் தரையில் ஊன்றுங்கள். முகம் கழுவுங்கள். வெளிச்சம் வந்ததும் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் நில்லுங்கள். முடிந்தால் தெருமுனை வரை ஒரு நடை. வெறும் வயிற்றில் திக்கான டிகாஷன் காபி கூடவே கூடாது. படபடக்கும் நெஞ்சை அது இன்னும் விரட்டும். இரண்டு பிஸ்கட்டோ ஒரு பழமோ சாப்பிட்டுவிட்டு, பிறகு லேசாகக் குடியுங்கள். கையால் செய்யும் சின்ன வேலை ஏதாவது, கீரை ஆய்வது, பூ கட்டுவது, ராத்திரியே எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் எதைச் செய்வது என்று தேடவே தெம்பு இருக்காது.

பத்து மணிக்கு முன்னால் எந்த முடிவும் வேண்டாம். வேலையை விடுவது, சொத்தை எழுதி வைப்பது, 'நான் எங்கேயாவது போய்விடுகிறேன்' என்பது, மாத்திரையைக் கூட்டுவது, மாத்திரையையே நிறுத்துவது எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள். மாலையில் அதே விஷயம் வேறு மாதிரி தெரியும்.

ஒரு நோட்டில் தினமும் இரண்டே வரி எழுதுங்கள். காலை எப்படி, மாலை எப்படி, எத்தனை மணிக்குத் தெளிந்தது. அடுத்த முறை டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். நாம் பெரும்பாலும் சாயங்கால கிளினிக்குக்குத்தான் போகிறோம். அந்த நேரத்தில் முகம் தெளிவாக இருக்கும். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

குடி? தொடவே கூடாது. மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில்தான் சாராயமும் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். 'தூக்கத்துக்காக ஒரு பெக்' என்று வீட்டு ஆண்கள் சொன்னால் விடாதீர்கள்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள்!

சாவைப் பற்றிய பேச்சு. 'எல்லாரும் நல்லா இருங்க' என்று விடைபெறுகிற மாதிரிப் பேசுவது. மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது.

வலிப்பு. ஒரே ஒரு தடவை வந்தாலும், உடனே 108.

யாரோ பேசுவது போலக் கேட்பது, பூச்சி ஊர்வது போலத் தெரிவது. நாள், இடம் குழம்புவது. காய்ச்சலோடு கடுமையான நடுக்கம்.

மாலையிலும் தெளியாத சோர்வு, நாள் முழுவதும், இரண்டு வாரமாக. இது காலை வேதனையோடு நிற்கவில்லை என்று அர்த்தம். மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சாப்பாட்டை ஒதுக்குவது. தடுமாற்றம். பேச்சுக் குழறல். அப்படியானால் ரகசியமாகக் கூடுதல் மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் ஒளிப்பார்கள்.

நடுராத்திரி யாரிடம் கேட்பது என்று தவிக்க வேண்டாம். 14416, டெலிமானஸ். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. போவதற்கு வெட்கம் எதற்கு?

குறைக்கும் வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து மீள்கிறவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். மெதுவாக, அவரவர் உடம்பு தாங்கும் வேகத்தில் குறைப்பதே வழி என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் அதையேதான் சொல்கிறது. ஆரம்பத்தில் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம். எப்படியானாலும் இரண்டு வாரத்துக்குள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கு போடுவது டாக்டர் வேலை. நீங்களாக உடைத்து உடைத்துக் குறைக்காதீர்கள். வலிப்பு நோய்க்காக குளோபசாம், குளோனசிபாம் போடுகிறவர்கள் இந்தப் பேச்சுக்கே வர வேண்டாம். உங்கள் நரம்பு டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போவோம், கல்யாணத்துக்கு நாலு நாள் வெளியூரில் இருப்போம். அட்டை தீர்ந்துவிடும். அந்த ஊர் மெடிக்கலில் சீட்டு கேட்பார்கள், அவர்கள் கேட்பதுதான் சரி. அங்கே இரண்டு வேளை விட்டுப்போனால் உடம்புக்கு அது திடீரென்று நிறுத்தியதுதான். இன்றைக்கே அட்டையை எடுத்து எத்தனை பாக்கி என்று எண்ணுங்கள். பத்து நாளைக்குக் குறைவாக இருந்தால் நாளைக்கே டாக்டரிடம் போய்ப் புதுச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டை போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.