புல்டாக் நாய்க்குட்டியை வீட்டிற்குப் பழக்குதல்

புல்டாக் நாய்க்குட்டியை வீட்டிற்குப் பழக்குதல் என்பது, தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் பிரித்துக் கொண்டுவரப்பட்ட புல்டாக் இனக் குட்டியொன்று புதிய வீட்டின் மனிதர்கள், இடம், உணவு, நேர ஒழுங்கு ஆகியவற்றுடன் இசைவு பெறும் முதற்சில வாரங்களில் மேற்கொள்ள வேண்டிய பராமரிப்பைக் குறிக்கும். இக்கட்டுரையில் புல்டாக் எனப்படுவது இங்கிலாந்தில் தோன்றிய ஆங்கிலப் புல்டாக் ஆகும். பிரெஞ்சுப் புல்டாக், அமெரிக்கன் புல்டாக் ஆகியவை தனி இனங்கள். குட்டி வளர்ப்பின் பொது விதிகள் பலவும் இவ்வினத்திற்கும் பொருந்தும். ஆயினும் இதன் குறுகிய முகமும் ஒடுங்கிய மூச்சுப்பாதையும் காரணமாக, வேறு இனக் குட்டிக்கு வசதிக்காகச் செய்யப்படும் பல ஏற்பாடுகள் புல்டாக் குட்டிக்கு உயிர்காக்கும் ஏற்பாடுகளாக அமைகின்றன.

இனத்தின் பின்னணி

ஆங்கிலத்தில் 'புல்' என்பது காளையைக் குறிக்கும். கட்டிவைக்கப்பட்ட காளையின் மீது நாய்களை ஏவி அதன் மூக்கைக் கவ்வச் செய்யும் கொடிய கேளிக்கை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நடைபெற்றது. (நம்மவர் நன்கறிந்த சல்லிக்கட்டில் நாய்களுக்கு இடமில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) 1835 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் இதனை ஒழித்தது. அதன்பின் வீட்டு நாயாகவும் கண்காட்சி நாயாகவும் வளர்க்கப்பட்ட புல்டாக், தலைமுறை தோறும் பெரிய தலையும் சிறிய மூக்கும் கொண்டதாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. இவ்வினத்திற்கான கழகம் 1875 இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. இன்றைய புல்டாக்குகளுள் ஆண் ஏறத்தாழ 25 கிலோகிராமும் பெண் ஏறத்தாழ 23 கிலோகிராமும் எடை கொண்டவை. காளையை எதிர்த்த பழைய நாயின் ஓட்டமும் மூச்சும் இவற்றிடம் இல்லை.

முகம் குறுகியபோது முகத்தின் எலும்பு சுருங்கியதேயன்றி உள்ளிருக்கும் மென்திசுக்கள் அதே அளவில் சுருங்கவில்லை. எனவே நாசித்துளைகள் ஒடுங்கியும், மென்னண்ணம் நீண்டு தொண்டையை அடைத்தும், மூச்சுக்குழல் இயல்பினும் குறுகியும் காணப்படுகின்றன. இக்குறைபாடுகளின் தொகுப்பு குறுந்தலை நாய்களின் மூச்சுத்தடை நோய் எனப்படுகிறது. இலண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2022 இல் வெளியிட்ட ஆய்வில் 2,662 புல்டாக்குகள் பிற நாய்களுடன் ஒப்பிடப்பட்டன. மூச்சுத்தடை நோய்க்கான வாய்ப்பு புல்டாக்குகளில் 19 மடங்கும், தோல்மடிப்பு அழற்சிக்கான வாய்ப்பு 38 மடங்கும் மிகுந்திருந்தது.

குட்டியைத் தெரிவு செய்தல்

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டிகளை விற்பதைத் தடை செய்கின்றன. தாய் நாயை நேரில் காண்பது இன்றியமையாதது. அதனைச் சில நிமிடங்கள் நடக்கவிட்டு மூச்சொலியைக் கேட்கவேண்டும். ஓய்வாக நிற்கும்போதே கரகரப்பொலி எழுப்பும் தாயின் குட்டியைத் தவிர்ப்பது நன்று. குட்டியின் நாசித்துளைகள் வெறும் கோடுகளாக இல்லாமல் திறந்திருக்க வேண்டும். விற்பவர் குட்டியின் முகம் எவ்வளவு தட்டை என்பதைச் சிறப்பாக எடுத்துரைப்பாராயின், அதனை எச்சரிக்கையாகவே கொள்ளவேண்டும்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

முதலில் கவனிக்கவேண்டியது தரை. மொசைக், டைல்ஸ், கிரானைட் தரைகளில் குட்டியின் கால்கள் பக்கவாட்டில் வழுக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு மிகுதியாகக் காணப்படும் இனங்களுள் புல்டாக்கும் ஒன்றாதலால், குட்டி நடமாடும் இடங்களில் ரப்பர் விரிப்போ தென்னை நார் மிதியடியோ இடவேண்டும். மாடிப்படிக்குத் தடுப்பு தேவை. கட்டில், சோபா ஆகியவற்றிலிருந்து குதிக்கவிடலாகாது. தலை கனத்தும் கால்கள் குட்டையாகவும் இருப்பதால் புல்டாக் நீரில் மிதக்காது. கிணறு, தொட்டி, நீர் நிறைந்த அண்டா ஆகியன மூடப்பட்டிருக்க வேண்டும்.

படுக்கை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் அமையட்டும். கழுத்துப்பட்டைக்கு மாற்றாக மார்புப்பட்டையை வாங்கவேண்டும். கழுத்தில் விழும் இழுப்பு ஏற்கனவே ஒடுங்கிய மூச்சுப்பாதையை மேலும் நெரிக்கும்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, இனிப்பூட்டியான சைலிட்டால் ஆகியன நாய்களுக்கு நஞ்சு. நம் சமையலில் வெங்காயம் சேராத குழம்பு அரிது. பாயசத்தில் உலர்திராட்சை உண்டு. ஆகவே மீந்த சோற்றைக் குழம்புடன் பிசைந்து நாய்க்கிடும் வழக்கத்தை விட்டுவிடுதல் வேண்டும்.

முதல் நாளும் முதல் இரவும்

குட்டியை அதிகாலையிலோ மாலை தணிந்த பின்னரோ அழைத்துவருதல் நன்று. நிறுத்திய மகிழுந்தினுள் ஒருபோதும் தனியே விடலாகாது. வீட்டை அடைந்தவுடன் முதலில் கழிப்பிடமாகக் குறித்த இடத்தில் இறக்கிவிட்டு, கழித்த பின்னர் உள்ளே கொண்டுவர வேண்டும். உறவினரும் அண்டை வீட்டுக் குழந்தைகளும் அன்றே கூடிவந்து ஆளுக்கொரு முறை தூக்கிக் கொஞ்சுவது வழக்கமாயினும், அதனை ஓரிரு நாள் தள்ளிவைப்பது குட்டிக்குச் செய்யும் பெரும் உதவி. இவ்வயதுக் குட்டி நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். உறங்கும் குட்டியை எழுப்பி விளையாடுதல் கூடாது.

முதலிரவில் குட்டி அழும். அழவிட்டால் தானே அடங்கிவிடும் என்ற பழைய அறிவுரை இவ்வினத்திற்குச் சிறிதும் பொருந்தாது. பதற்றமும் இடைவிடாத அழுகையும் மூச்சை வேகப்படுத்தி, தொண்டையின் மென்திசுக்களை வீங்கச்செய்து, மூச்சுத்தடையை மிகுவிக்கக்கூடும். தாயின் மணமுள்ள துணியொன்றைக் கேட்டுவாங்கி படுக்கையில் இட்டு, அப்படுக்கையை உறங்கும் மனிதரின் கைக்கெட்டும் தொலைவில் முதற்சில இரவுகள் வைக்கவேண்டும். பின்னர் நாளுக்குச் சிறிது சிறிதாக அதனை நிலையான இடத்திற்கு நகர்த்தலாம். பகலிலும் தனிமையை நிமிடக் கணக்கில் தொடங்கிப் பழக்கவேண்டும்.

கழிப்பிடப் பழக்கம்

குட்டி சிறுநீரை அடக்கக்கூடிய மணிநேரம் அதன் வயது மாதங்களுடன் ஒன்றைக் கூட்டியதற்கு மேற்படாது என்பது பொதுக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு இது மூன்று மணி நேரம். இரவும் இதில் அடங்கும். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும் அதே இடத்திற்கு அழைத்துச்சென்று, கழித்தவுடன் பாராட்ட வேண்டும். தவறிக் கழித்த இடத்தில் மூக்கைத் தேய்ப்பதால் குட்டி கற்பது மனிதர் முன் கழிக்கலாகாது என்பது மட்டுமே. அதன்பின் அது கட்டிலுக்கடியில் கழிக்கும்.

உணவு

முதல் வாரத்தில், குட்டி முன்பு உண்ட அதே உணவையே தரவேண்டும். மாற்றவேண்டின், ஏழு நாட்களில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டலாம். நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளைகள் போதும். கீழ்த்தாடை முன்துருத்தி இருப்பதால் ஆழமான கிண்ணத்திலிருந்து உண்பது கடினம். அகன்ற தட்டே ஏற்றது. புல்டாக் உணவுடன் காற்றையும் விழுங்கும். வயிற்றுப் பொருமலும் அதன் மணமும் இதன் விளைவுகளே.

உண்டதை வெளியேற்றுமாயின் எவ்வாறு வெளியேற்றுகிறது என்பதைக் கவனித்து மருத்துவரிடம் கூறவேண்டும். வயிறு குலுங்கி வெளிவருவது வாந்தி. எவ்வித முயற்சியுமின்றி, செரிக்காத உணவு அப்படியே வழிந்து விழுவது உணவுக்குழல் சார்ந்த எதிர்க்களிப்பு. பின்னது குறுந்தலை நாய்களில் மூச்சுத்தடையுடன் தொடர்புடையது. வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைத்தல் நற்பழக்கம். கொழுத்த புல்டாக் பார்ப்பதற்கு அழகு எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால் கூடும் கொழுப்பு மூச்சை மேலும் திணறச்செய்கிறது.

வெப்பம்

மனிதன் உடல் முழுதும் வியர்த்துக் குளிர்கிறான். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே உள்ளன. அது மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நீண்ட மூக்குடைய நாயில் இதற்கான ஈரப்பரப்பு மிகுதி. புல்டாக்கில் அப்பரப்பும் குறைவு, காற்று செல்லும் வழியும் ஒடுக்கம். மேலும், தடைப்பட்ட வழியே காற்றை இழுக்கத் தசைகள் கடுமையாக உழைப்பதால் கூடுதல் வெப்பம் உண்டாகிறது. குளிர்விக்கும் முயற்சியே சூடாக்கும் வேலையாக மாறும் இச்சுழற்சி சில நிமிடங்களிலேயே முற்றிவிடக்கூடும். காற்றில் ஈரப்பதம் மிகும்போது ஆவியாதல் மேலும் குறைகிறது. எனவே வெப்பமானி காட்டும் அளவை மட்டும் நம்பி, சென்னை போன்ற கடற்கரை நகரின் புழுக்கத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1956 முதல் 'அகா' என்னும் பெயரில் வெண்ணிறப் புல்டாக்குகளைத் தன் அடையாள விலங்காகக் கொண்டுள்ளது. அதன் விளையாட்டரங்கில் இந்நாய்க்கெனக் குளிரூட்டப்பட்ட அறை உண்டு. பனிக்கட்டிப் பைகளும் வைக்கப்படுகின்றன. வேடிக்கையாகத் தோன்றினும், வெப்பமான ஊரில் இவ்வினத்தை வளர்ப்பதற்கான செலவை இது உணர்த்துகிறது. கோடையில் குளிரூட்டிய அறையோ நல்ல காற்றோட்டமுள்ள நிழலான அறையோ தர இயலாதவர், இவ்வினத்தை வாங்கும் எண்ணத்தைக் கைவிடுவதே தகும்.

குட்டியின் நடை, கதிரவன் எழுமுன்னரோ நன்கு இருட்டிய பின்னரோ சில நிமிடங்களுக்கு மட்டும் அமையட்டும். சாலைத் தளத்தில் புறங்கையை வைத்து ஏழு நொடி பொறுக்க இயலவில்லையெனில் குட்டியும் அதில் நடக்கலாகாது. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரை. 41 பாகையைக் கடப்பது உயிருக்கு ஆபத்து. ஓயாத இரைப்பு, கனத்த எச்சில், கரகரப்பொலி, கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறும் நாக்கு, தள்ளாட்டம், வாந்தி ஆகியன வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அந்நிலையில் முதலில் குளிர்வித்து, பின்னரே மருத்துவமனைக்கு விரையவேண்டும். நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறியின் காற்றுப் படச்செய்ய வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடுதல் வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றலாகாது.

குறட்டையும் மூச்சொலியும்

உறக்கத்தில் புல்டாக் குறட்டை விடும் காட்சிகள் பலராலும் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அதுவே இவ்வினத்தின் பெருந்துயரை மறைப்பதாகவும் உள்ளது. மேற்கூறிய கல்லூரியினரின் 2012 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மூச்சுத்தடையின் தெளிவான அறிகுறிகள் கொண்ட நாய்களின் உரிமையாளர்களுள் 58 விழுக்காட்டினர் தம் நாய்க்கு மூச்சுச் சிக்கல் ஏதுமில்லை என்றே கூறினர். அவ்வொலி இனத்தின் இயல்பு என அவர்கள் கருதியமையே காரணம். ஆகவே முதல் வாரத்திலேயே, உறங்கும்போதும் விழித்து அமைதியாக இருக்கும்போதும் குட்டியின் மூச்சொலியைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்தல் பயன்தரும். பின்னாளில் ஒலி மிகுந்தால் ஒப்பிட்டு மருத்துவரிடம் காட்டலாம். உட்கார்ந்தபடியோ, தாடையை உயரத்தில் வைத்தோ, வாயில் பொம்மையைக் கவ்வியபடியோ மட்டுமே குட்டி உறங்குமாயின், அது படுத்தால் மூச்சுவிட இயலாமையைக் காட்டக்கூடும். குறுகிய நாசித்துளைகளையும் நீண்ட மென்னண்ணத்தையும் அறுவை மூலம் திருத்த இயலும்.

தோல்மடிப்பு, கண், வால்

முகமடிப்புகளில் ஈரமும் அழுக்கும் தங்கினால் நுண்ணுயிர்கள் பெருகி அழற்சி உண்டாகும். நாள்தோறும் மென்துணியால் துடைத்து, நன்கு உலர்த்த வேண்டும், உலர்த்துதலே முதன்மையானது. சுருண்ட வாலின் அடியிலுள்ள குழியைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூன்றாம் இமையின் சுரப்பி வெளியே பிதுங்கி, கண்ணின் உள்மூலையில் சிவந்த கட்டிபோல் தோன்றுவதும் இவ்வினத்தில் மிகுதி. இச்சுரப்பி கண்ணீரைச் சுரப்பதாதலால், வெட்டியெடுக்காமல் மீண்டும் உள்ளே பொருத்தித் தைப்பதே சரியான சிகிச்சை.

20 கிலோகிராமைக் கடந்த புல்டாக் மறுத்தால் அதன் முகத்தைத் துடைப்பது எளிதன்று. எனவே முதல் நாட்களிலிருந்தே முகம், காது, பாதம், வால் ஆகியவற்றைச் சில நொடிகள் தொட்டு, உடனே சிறு தீனி தந்து பழக்கவேண்டும்.

மனிதரோடும் பிற நாய்களோடும் பழக்குதல்

ஸ்காட், புல்லர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1965 இல் வெளியிட்ட நூலில், குட்டியின் சமூகப் பழக்கம் பெரும்பாலும் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்திற்குள் உருவாவதைக் காட்டினர். வீட்டிற்கு வரும் குட்டிக்கு இக்காலத்தில் எஞ்சுவது ஒருசில வாரங்களே. தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்காமல், கையில் ஏந்திச்சென்று பேருந்தின் ஒலி, குடை, தலைக்கவசம் அணிந்தவர், முதியோர் ஆகியோரைக் காணச்செய்யலாம். குக்கர் விசில், மிக்சி ஆகியவற்றின் ஒலியைத் தொலைவிலிருந்து தொடங்கிப் பழக்கலாம். விளையாட்டினிடையே குட்டி இரைக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தவேண்டும். அது தானாக நிறுத்திக்கொள்ளும் என எதிர்பார்க்கலாகாது.

மருத்துவம்

வந்த சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். கூட்டுத் தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை இடப்படுகின்றன. வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி வழமையாக மூன்றாம் மாதத்தில் இடப்படும். குறுந்தலை நாய்களுக்கு மயக்கமருந்து தருவதில் இடர் மிகுதியாதலால், கருத்தடை அறுவைக்கு முன் இவ்வினங்களில் பட்டறிவுள்ள மருத்துவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெண் குட்டி வாங்கிப் பின்னர் ஈனச்செய்ய எண்ணுவோர் அறியவேண்டியது: இங்கிலாந்தில் நடந்த கணக்கெடுப்பின்படி புல்டாக் ஈற்றுகளில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை அறுவை மூலமே நிகழ்கின்றன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரித்தானியக் கென்னல் கழகமும் 2019 இல் தொடங்கிய மூச்சுத்திறன் தரப்படுத்தலில், நாயின் மூச்சொலி மூன்று நிமிட விரைநடைக்கு முன்னும் பின்னும் கேட்கப்பட்டு 0 முதல் 3 வரை தரம் இடப்படுகிறது. நாய்க்கு ஒரு வயது நிறைந்த பின்னரே இச்சோதனை செய்யப்படும்.