நிலைக்கதவு லாரி ஏறுமுன் எல்.ஆர். சீட்டைப் படியுங்கள்

நாச்சியாபுரம், கீழச்சிவல்பட்டி, காரைக்குடி வட்டாரத்தில் பங்கு பிரித்த வீட்டுச் சாமான்கள் வெளியூர் போவது புதிதல்ல. பர்மா தேக்கு நிலைக்கதவு, கல்தூண், ஊஞ்சல் பலகை, இரும்புப் பெட்டகம் என்று டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்குவோரிலும் வெளிமாநிலத்தார் உண்டு. சாமானை அலுங்காமல் லாரியில் ஏற்றும்வரை எல்லாரும் கண்ணும் கருத்துமாக நிற்கிறார்கள். லாரி ஆபீசில் கொடுக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. சாமான் உடைந்தாலோ காணாமல் போனாலோ, உங்கள் பக்கம் பேசப்போவது அந்தச் சீட்டுதான்.

பத்து மடங்குக் கணக்கு

1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரக்குக்குச் சேதம் வந்தால் லாரிக் கம்பெனி தரவேண்டிய தொகைக்கு இதன் விதிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. வாடகையைப் போலப் பத்து மடங்கு. அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது.

ஒரு கணக்குப் போடுவோம். கதவின் மதிப்பு 2 லட்சம் ரூபாய், வாடகை 6,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் கிடைப்பது 60,000. பேரம் பேசி வாடகையை 4,000-க்கு இறக்கினால் இழப்பீட்டு வரம்பும் 40,000-க்கு இறங்கிவிடும். இதோடு, "மதிப்பெல்லாம் எதுக்கு ஆச்சி, அஞ்சாயிரம்னு போட்டுக்கிறேன், பத்திரமாப் போயிரும்" என்று புக்கிங் ஆபீசில் சொல்வதற்குத் தலையாட்டினால், அந்த 5,000 ரூபாயோடு உங்கள் உரிமை முடிந்தது.

இதற்கு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. உண்மையான மதிப்பை எழுதி, கம்பெனி வைத்திருக்கும் 'கூடுதல் ரிஸ்க்' கட்டணத்தைக் கட்டச் சம்மதித்தால் பத்து மடங்கு வரம்பு பொருந்தாது. புக் செய்யும்போதே இதைக் கேட்டு, சீட்டிலும் எழுதி வாங்க வேண்டும்.

யார் பொறுப்பு?

உடைந்த பிறகு, "நான் வெறும் புரோக்கர், லாரிக்காரரைக் கேளுங்க" என்பார்கள். சட்டத்தின் கணக்கில் புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லாருமே சரக்குப் போக்குவரத்தாளர்கள்தான். பதிவுச் சான்று இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தக்கூடாது. ஆகவே முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சரக்கின் விவரம், எடை, மதிப்பை நீங்கள் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அவர்கள் எல்.ஆர். சீட்டின் அசலைத் தரவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லாரி நம்பர் மட்டும் போதாது.

சீட்டில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருந்தால் மனம் தளர்ந்துவிட வேண்டாம். அந்த வாசகத்தைக் காட்டி, கவனக்குறைவால் வந்த நஷ்டத்திலிருந்து கம்பெனி தப்ப முடியாது என்று பழைய சட்டத்தின் காலத்திலேயே, 2000-இல், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புதிய சட்டத்திலும் டிரைவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. சரக்கைக் கொடுத்ததற்கும் அது சேதமாக வந்ததற்கும் ஆதாரம் இருந்தால் போதும். இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசுத் தடை போன்ற சில காரணங்களைத்தான் கம்பெனி சொல்ல முடியும்.

எடையும் கட்டும்

எடையைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. ஒரு அடிச் சதுரத்தில் 8 அடி நீளமுள்ள தூண் 600 கிலோ வரும். தேக்கு ஒரு கன அடி 18 முதல் 20 கிலோ. எடையைக் குறைத்துச் சொன்னால் வழியில் எடைமேடையில் அகப்பட்டு, கூடுதல் பணம் கேட்கும் தகராறு அங்கேதான் தொடங்கும்.

கல்தூணை இரண்டு முனையில் மட்டும் கட்டை கொடுத்துக் கிடத்தினால் லாரி குலுங்கும்போது நடுவில் விரிசல் விடும். நீளம் முழுக்கத் தாங்கல் வேண்டும். பெல்ஜியம் கண்ணாடியையும் ஆத்தங்குடிக் கல்லையும் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கட்டுவார்கள். நிலைக்கதவில் பித்தளைக் குமிழ், கீல்களைக் கழற்றித் தனிப்பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியையும் எல்.ஆரில் தனி உருப்படியாக எழுதச் சொல்லுங்கள். பிரித்த துண்டுகளுக்கு மறைவான பக்கத்தில் பெயின்டால் நம்பர் போடுங்கள், சாக்பீஸ் அழிந்துவிடும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு, இப்படிப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியதுதான்.

பார்ட் லோடில், அதாவது பிறர் சரக்கோடு சேர்ந்து போகும் சரக்கை வழியில் இறக்கி வேறு லாரிக்கு மாற்றுவது வழக்கம். சேதம் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே கனமான, உடையும் பொருளுக்குத் தனி வண்டியா, பார்ட் லோடா என்பதை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'டோர் டெலிவரி' என்றால் தெருமுனை வரையா, மாடி வரையா, இறக்குக்கூலியும் கிரேனும் யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெருநகரங்களில் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. நேரத்தைச் சேர்த்துப் பேசுங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

பொதுவீட்டுச் சாமானென்றால் எல்லாப் பங்காளிகளின் எழுத்துச் சம்மதம் முக்கியம். ஒருவர் புகார் கொடுத்தால் லாரி வழியிலேயே நிற்கும். 100 ஆண்டு கடந்த சிற்பம், மரச்சிற்பம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரக்கூடும். அவற்றை உரிமம் பெற்றவர்தான் வியாபாரமாக விற்கலாம், தனியார் வெளிநாடு அனுப்பவே கூடாது. உத்தரம், பலகை எனத் தேக்குக் கட்டையாக அனுப்புவதானால் தமிழ்நாட்டு மரப் போக்குவரத்து அனுமதி விதிகள் (1968) குறித்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும். சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு. அதை ஒரு கடிதமாக எழுதி டிரைவர் கையில் கொடுங்கள். இ-வே பில்லுக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதுவது கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும்.

மதிப்பு பெரிதென்றால் டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியாக எடுங்கள். 'எல்லா ரிஸ்க்கும்' உள்ளதா, தீ, விபத்து மட்டுமா என்று கேளுங்கள். கட்டு சரியில்லை என்றால் கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள்; கட்டும்போது போட்டோ எடுத்து வையுங்கள். ரயில் பார்சலில், மதிப்பைச் சொல்லி அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 50 ரூபாய்தான் வரம்பு. ரயில்வேக்கு நோட்டீஸ் 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சேதமாக வந்தால்

டெலிவரிச் சீட்டில் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். அந்த இடத்திலேயே பிரித்து, உடைந்ததை அதே சீட்டில் எழுதி, டிரைவர் கையெழுத்தோடு போட்டோ எடுங்கள். கூடுதல் பணம் தந்தால்தான் இறக்குவோம் என்று மிரட்டினால் 112-க்கு அழையுங்கள். ஆன்லைனில் முன்பணம் வாங்கி ஆளே காணோம் என்றால் 1930.

அடுத்தது நாள் கணக்கு. வழக்குப் போடுமுன் கம்பெனிக்கு எழுத்து நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். சரக்கு வந்த நாளிலிருந்து அல்ல. "பார்த்துச் செய்யறோம் சார்" என்று போனில் சொல்வதை நம்பி இந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை எல்.ஆரோடு வையுங்கள்.

வியாபாரத்துக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு அனுப்பியிருந்தால் நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம். 'சென்னை நீதிமன்றத்துக்கு உட்பட்டது' என்று சீட்டில் இருந்தாலும் நாச்சியாபுரத்துக்காரருக்குச் சிவகங்கை மாவட்ட ஆணையம் இருக்கிறது. நீங்கள் கட்டிய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 ஆண்டு. வழிகாட்ட 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணும், சட்ட உதவிக்கு 15100-உம் உள்ளன.

வாடகை பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவு எண் என்ன, சீட்டில் முழு மதிப்பு ஏறுமா, கூடுதல் ரிஸ்க்குக்கு எவ்வளவு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத ஆபீஸ் எத்தனை மலிவாகச் சொன்னாலும் அடுத்த ஆபீசைப் பாருங்கள்.