மேசைமேல் ஒரு பித்தளைச் சொம்பு

மகாராஷ்டிர மாநிலத்தில் பள்ளி மாணவர்களுக்காக அரசின் கலை இயக்ககம் எலிமென்டரி, இன்டர்மீடியட் என்னும் இரண்டு ஓவியத் தேர்வுகளை நடத்தி வருகிறது. அறையின் நடுவே ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாத்திரம், அருகில் ஓரிரு பழங்கள், பின்னால் மடிப்புகளுடன் தொங்கும் துணி. சுற்றிலும் வரைபலகையுடன் அமர்ந்த பிள்ளைகள். இக்காட்சியை அம்மாநிலத்தார் பலரும் அறிவர்.

மும்பையில் இத்தேர்வுகளுக்குப் பயிற்சியளிக்கும் மாலை வகுப்பொன்றில் சில ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். ஒருமுறை பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். திரைநடிகர்களின் முகங்களைக் கைபேசியில் பார்த்து அச்சு அசலாக வரைந்துவிடுவான்; உறவினர் அனைவரும் அவனை ஓவியன் என்றே அழைத்தனர். அவன் முன் ஒரு பித்தளைச் சொம்பை வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தாளில் இருந்தது பள்ளிப் பாடநூலில் அச்சாகும் சொம்பு. மேசையில் இருந்த சொம்பு அதில் இல்லை. தனக்கு ஓவியமே வராது என்று அவன் அன்றே முடிவு கட்டிவிட்டான்.

குறை அவனுடைய கையில் இல்லை. புகைப்படத்தைப் பார்த்து வரைபவருக்குப் பாதி வேலையைக் கருவி முன்னரே முடித்துத் தந்துவிடுகிறது. முப்பரிமாணம் கொண்ட உலகைத் தட்டையாக்குவதும், எது வெளிச்சம் எது இருள் என்று முடிவு செய்வதும் கருவியின் வேலையாகிவிடுகின்றன. மேசைமேல் உள்ள சொம்போ நாம் தலையைச் சற்றே சாய்த்தால் உருமாறுகிறது. அந்த முடிவுகளை எல்லாம் வரைபவரே எடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்டில் லைஃப்’ எனவும் தமிழில் நிலைப்பொருள் ஓவியம் எனவும் வழங்கும் இப்பயிற்சியின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

சொம்பின் வாய் வட்டமானது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் சற்று மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு அது நீள்வட்டமாகவே தோன்றும். சொம்பு சமதளத்தில் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆகையால் அதன் அடிவிளிம்பை நேர்க்கோடாக இழுத்துவிடுகிறோம். உண்மையில், கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறோமோ அவ்வளவுக்கு நீள்வட்டம் விரிந்து தோன்றும். அடிவிளிம்பு வாய்விளிம்பைவிடக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். தொடக்க நிலையினரில் பெரும்பாலோர் இதை நேர்மாறாகவே வரைகின்றனர். வாயை அகலத் திறந்து, அடியைத் தட்டையாக்கி, நீள்வட்டத்தின் இரு முனைகளையும் கூராக முடித்துவிடுகின்றனர். அறிவு கண்ணை முந்திக்கொண்டு கையை இயக்குவதன் விளைவு இது. முகத்தை வரையும்போதும் இதே பிழை நேர்கிறது. ஆனால் அங்கே ‘சாயல் இருக்கிறது’ என்று பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். சொம்பு சாய்ந்து நின்றால் எவரும் மன்னிப்பதில்லை.

வண்ணத்திலும் இதே கதைதான். வெள்ளைத் துணி என்கிறோம். அதன்மேல் ஒரு தக்காளியை வைத்துப் பாருங்கள். பழத்தின் அடியில் துணி இளஞ்சிவப்பேறியிருக்கும். சன்னல் பக்கத்து மடிப்பு நீலம் படர்ந்திருக்கும். பித்தளை மஞ்சள் நிறம் என்று எண்ணி மஞ்சளைப் பூசினால் உலோகம் மண்பாண்டமாகிவிடும். அதில் ஏறத்தாழக் கறுப்பான பட்டைகளும், பளிச்சிடும் ஒரு சிறு வெண்புள்ளியும், அருகில் உள்ள கத்தரிக்காயின் ஊதா நிறமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வளவையும் காண்பதற்குப் பொருள் அசையாமல் இருக்க வேண்டும். நமக்கு அவகாசமும் வேண்டும். எதிரே உட்காரும் மனிதர் அரை மணி நேரத்தில் களைத்துவிடுவார்.

அவருக்குக் கூலியும் தர வேண்டும். 1886ஆம் ஆண்டு பாரிஸ் வந்து சேர்ந்த வின்சென்ட் வான்கோவின் நிலை இதுவே. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ மண்நிறமும் இருளும் மண்டிய ஓவியம். பாரிஸில் மாதிரியாக அமர்பவர்களுக்குக் கொடுக்க அவரிடம் பணமில்லை. பூக்களைச் சாடியில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டி, எதிரெதிர் வண்ணங்களை அருகருகே வைக்கப் பழகினார். 1888இல் ஆர்ல் நகரில் அவர் தீட்டிய சூரியகாந்திகளின் மஞ்சளுக்குப் பின்னால் இந்தப் பயிற்சி இருக்கிறது.

பணம் இருந்தும் வாய்ப்பு மறுக்கப்பட்டோரும் உண்டு. ஐரோப்பியக் கலைக்கழகங்களில் மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புகளுக்குள் பெண்கள் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாரா பீட்டர்ஸ் என்னும் பெண் ஓவியர் பாலாடைக்கட்டிகளையும் மீன்களையும் உலோகக் குவளைகளையும் தீட்டினார். அக்குவளைகளின் பளபளப்பான புடைப்புகளில் தம் முகத்தையே மிகச் சிறியதாகப் பிரதிபலிக்கச் செய்திருக்கிறார். உற்று நோக்காதவர் கண்ணில் அது படாது.

1667இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, அசையாப் பொருள்களை வரைவதைக் கடைசிப் படியில் வைத்தார். இன்றும் இது வெறும் பயிற்சி என்று எண்ணுவோர் இருக்கின்றனர். இத்தாலியின் போலோனியா நகரில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964) அதே புட்டிகளையும் கிண்ணங்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்து வாழ்நாளின் பெரும்பகுதியும் வரைந்தார். நம் நாட்டில், கோவாவில் பிறந்த எஃப்.என்.சூசா தேவாலயப் பாத்திரங்களைத் தடித்த கருங்கோடுகளால் தீட்டினார். அவை பூசைப் பாத்திரங்களாகவும் தோன்றும், அச்சமூட்டும் உருவங்களாகவும் தோன்றும்.

வீட்டில் தொடங்க விரும்பும் வாசகர்களுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. மூன்று பொருள்கள் போதும்: ஒன்று பளபளப்பானது, ஒன்று மங்கலானது, ஒன்று காய் அல்லது பழம். வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரட்டும். வடக்குச் சன்னல் சிறந்தது என்று மேனாட்டு நூல்கள் கூறும். அதை நம்பி மே, ஜூன் மாதங்களில் மும்பையில் அமர்ந்தால், காலை வெயில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து வந்து நிழல்களையெல்லாம் இடம் மாற்றிவிடும். சன்னலைச் சாத்திவிட்டு ஒரு மேசை விளக்கை ஏற்றிக்கொள்வதே மேல். முதல் சில வாரங்கள் பென்சில் மட்டும் போதும். பிறகு ஒற்றைப் பழுப்பு வண்ணம். அதன் பின்னரே முழு வண்ணங்கள். பொருள்களை மட்டும் நோக்காமல், அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் வரைந்து பாருங்கள். சொம்பு தானாகவே நிமிர்ந்து நிற்கும். பழத்தை முதலில் முடித்துவிடுங்கள். வாழைப்பழம் இரண்டு நாளில் கறுத்துவிடும்.

அந்தச் சிறுவனிடமும் இந்த வெற்றிட வித்தையைத்தான் கூறினோம். சொம்பை மறந்துவிட்டு, சொம்புக்கும் தேங்காய்க்கும் இடையே தெரியும் துணியை மட்டும் வரையச் சொன்னோம். வேண்டாவெறுப்பாகவே தொடங்கினான். ஐந்தாவது வாரம் அவன் நீட்டிய தாளில் முகப்புப் பளபளப்பு இல்லை, அழித்தழித்துக் காகிதம் நைந்திருந்தது. அடிவிளிம்பு மட்டும் சரியாக வளைந்திருந்தது. “சார், இது மேசைமேல உட்கார்ந்திருக்கு” என்றான்.